மம்பட்டி சாத்திய மூலை

ஆறுமுகத்தாய் காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் புறவாசலைப் பார்ப்பாள். கொடியில் கிடந்த துணி, கவிழ்த்து வைத்த வாளி, பறிக்காமல் விட்டுவைத்த கனகாம்பரம் எல்லாம் நேற்று இருந்தபடியே இருக்கின்றனவா என்று கண்ணாலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவாள். அந்தத் தெருவில் இதுவரை யாரும் யார் வாளியையும் தூக்கிக்கொண்டு போனதில்லை. நான் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் போகவில்லை என்பது அவள் கட்சி. அவளோடு வாதாடி ஜெயித்தவர்கள் சங்கரன்கோவிலில் கிடையாது, அவள் புருஷன் உட்பட.

எண்பத்தொன்றாம் வருஷம். ஆடித்தபசுத் திருவிழா முடிந்து, ரத வீதியில் பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த சமயம். அன்றைக்கும் வழக்கம்போல் புறவாசலைப் பார்த்துக்கொண்டு வந்தவள் மூலையைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

கக்கூஸ் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் சேருகிற மூலை அது. தோட்டத்துச் சாமான்களெல்லாம் அங்கேதான் சாத்தியிருக்கும். மம்பட்டி, கடப்பாரை, களைக்கொத்து, பெருக்குவதற்கு நீளக் காம்பு போட்ட வாரியல், நுனியில் அரிவாள் கட்டிய தொரட்டி. மேலே மழைக்கு ஒரு தகரம். அடியில் ஈரம் ஏறாமலிருக்கச் செங்கல் வரிசை. அந்தச் செங்கல் மேல், மம்பட்டியின் இரும்பு இலைக்குப் பக்கத்தில், ஒரு கைப்பிடி மண் சிதறிக் கிடந்தது.

தோட்டத்தில் மண் கிடப்பது ஒரு அதிசயமா என்று நீங்களும் நானும் கேட்கலாம். ஆறுமுகத்தாயிடம் கேட்க முடியாது. அவர்கள் தோட்டத்து மண் கருப்பும் சரளையுமாகக் கட்டி கட்டியாக இருக்கும். இது சலித்த மாவு மாதிரி நைசாக, வெளிறிய செம்மண் நிறத்தில் இருந்தது. யாரோ கையால் அள்ளித் தூவினது போல விழுந்திருந்தது. வீட்டுக்குள்ளே அவளுடைய ஒரே மகள் செல்வமணி, புளியங்குடியிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்தவள், ஏழு மாத வயிற்றோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இங்கன வாங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

சண்முகையா சவரக்கத்தியும் நுரை முகமுமாக வந்தார். மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீசில் அட்டெண்டர். காலை பஸ்ஸுக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். ஆறடி மனிதர், குனிந்து பார்த்தார்.

"கரையான் கிளப்புன மண்ணுட்டி. நான்தான் சொன்னம்லா, மரப்பிடிய மண்ணுக்குப் பக்கத்துல வைக்காதன்னு."

"கரையான் கிளப்புனா ஈரமா, அப்பிக்கிட்டுலா இருக்கும். இது போட்ட மண்ணு."

"யாருட்டி வந்து போடப்போறா?"

ஆறுமுகத்தாய் நெஞ்சளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். சண்முகையாவுக்கு விளங்கிவிட்டது. பஸ் போயிரும், பஸ் போயிரும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் வள்ளித்தாய் வீடு. அவள் புருஷன் மூக்காண்டி பவர்லூமில் வேலை பார்க்கிறவன். இரண்டு வருஷமாக இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. பேச்சு நின்றதற்கும், மம்பட்டி மூலைக்குப் போனதற்கும் காரணம் ஒன்றுதான்.

அதற்கு முன்னால் அந்தச் சாமான்களெல்லாம் வீட்டுக்குள்ளேதான் இருந்தன. குனிந்தால் சண்முகையாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்பதால் எல்லாவற்றுக்கும் ஊரில் இல்லாத நீளத்தில் பிடி போட்டிருப்பார். வாகை மரப் பிடி. வேப்பெண்ணெய் தடவித் தடவி வழுவழுவென்று வைத்திருப்பார். புறவாசல் கதவுக்குப் பின்னால் அவற்றை ஒருக்களித்துச் சாத்தியிருக்கும். இருட்டில் போகிறவர்கள் காலில் இடித்துக்கொண்டு திட்டுவார்கள். இருந்தாலும் வீட்டு மனுஷர் மாதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தன.

வள்ளித்தாய்க்கு முதல் பிள்ளை பிறந்த ராத்திரியே போய்விட்டது. விடிந்ததும் மூக்காண்டி வந்து, "யக்கா, மம்பட்டிய கொஞ்சம் தாங்க" என்று கேட்டான். எதற்கென்று கேட்காமலே ஆறுமுகத்தாய் எடுத்துக் கொடுத்தாள். அதைக் குறை சொல்ல முடியாது. அவன் ஓடைக்கரையில் குழி தோண்டி, பிள்ளையை வைத்து மூடிவிட்டு, மம்பட்டியை ஓடைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, தன் கையெல்லாம் மண்ணாகவே திரும்பி வந்தான். வாசலில் காலை எடுத்து வைக்கப் போனான்.

"மம்பட்டிய வெளிய வச்சிரு. உள்ள கொண்டாராத" என்றாள் ஆறுமுகத்தாய்.

குழி தோண்டின மம்பட்டியை யாரும் வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்கள்தான். அந்தத் தெருவில் எவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் எவளும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருப்பாள். சொன்னதோடு விடாமல், அவன் நிற்கும்போதே ஒரு வாளியில் சாணியைக் கரைத்துக்கொண்டு வந்து மம்பட்டி மேல் ஊற்றினாள். சுவருக்கு அந்தப் பக்கம் பால் வற்றுவதற்காக மாரைக் கட்டிக்கொண்டு பாயில் கிடந்த வள்ளித்தாய்க்கு வார்த்தையும் கேட்டது, தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் கேட்டது. அதோடு சரி. அப்புறம் அவள் இந்தப் பக்கம் முகம் திருப்பவில்லை.

மம்பட்டி மூலைக்குப் போயிற்று. அதனோடு ஒட்டிக் கிடந்தவை என்று மற்றதெல்லாமும் பின்னாலேயே போயின. வீட்டுப் பின்சுவரில் இடுப்பு உயரத்துக்கு மர முளை அடித்து, அதன் மேல் படுக்க வைத்துவிடுகிறேன், அடியில் காற்றும் வெளிச்சமும் இருக்கும், பூச்சி பொட்டு அண்டாது என்று சண்முகையா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "வீட்டுச் சுவத்துல அது படக்கூடாது" என்றுவிட்டாள். அவர் தகரத்தையும் செங்கலையும் வைத்துத் தன்னால் முடிந்ததைச் செய்தார். மூடினாற்போல், இருட்டாக, குளுமையாக ஒரு பொந்து அமைந்தது.

மண்ணைப் பார்த்த பிறகு ஆறுமுகத்தாய்க்கு ஒவ்வொன்றாகப் பிடிபட ஆரம்பித்தது. சந்தேகம் வந்தவளுக்குச் சாட்சிக்குப் பஞ்சமே இருக்காது.

செல்வமணிக்கு மசக்கை போன பிறகும் எலுமிச்சை ஆசை போகவில்லை. தோட்டத்தில் நிற்கிற எலுமிச்சை புளியங்குடியிலிருந்து கன்றாக வந்ததுதான். தினம் ஒன்றைத் தொரட்டியால் அறுத்து, உப்பைத் தொட்டுச் சூப்பினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அவள் தொரட்டியை எடுக்க மூலைக்குப் போகிற நேரம் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் வள்ளித்தாய் ஈயச்சட்டியைச் சுவரில் மடார் மடாரென்று தட்டுவாள். முதலில் கரி தேய்க்கிறாள் என்று ஆறுமுகத்தாய் நினைத்திருந்தாள். கரி தேய்க்கிறவள் என் மகள் வெளியே வந்தால் மட்டும் ஏன் தேய்க்கிறாள்? மாசமாக இருக்கிற பெண்ணைப் பயம் காட்டி விழவைக்கப் பார்க்கிறாள்.

இன்னொன்று. சில நாள் காலையில் தொரட்டி மூலையில் இருக்காது. எலுமிச்சை மரத்தில் சாத்தியிருக்கும். மரம் சுவரோரமாகத்தான் நிற்கிறது. அந்தப் பக்கமிருந்தே கையை நீட்டி நகர்த்தினால் முடியாத காரியமில்லை. செல்வமணி தினம் தொடுகிற கழி அது. அதைத் தொட்டு என்ன ஓதினாளோ, என்ன தடவினாளோ. ஆறுமுகத்தாய் தொரட்டியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, பழையபடி மூலையிலேயே கொண்டுபோய் வைத்தாள். மறுபடி அது மரத்துக்குப் போனது. மறுபடி இவள் மூலைக்குக் கொண்டுவந்தாள்.

ஒரு நாள் வள்ளித்தாயே சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, "யக்கா" என்று கூப்பிட்டாள். இரண்டு வருஷமாக வாயைத் திறக்காதவள், என் வீட்டில் ஒரு வயிறு திறக்கப் போகிற நேரத்தில் எதற்கு யக்கா போடுகிறாள்? ஆறுமுகத்தாய் காறித் துப்பிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அதன் பிறகு மூலையில் மண் அடிக்கடி விழுந்தது. இவள் வாரி எறிவாள், இரண்டொரு நாளில் புதுசாகக் கிடக்கும். எந்த மண் என்று அவள் மனசுக்குள் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. வாய்விட்டுச் சொல்லப் பயந்தாள். ஓடைக்கரையில், அந்தச் சின்னக் குழியின் மேல் கிடக்கிற மண். அதைத் தோண்டின மம்பட்டியின் காலடியிலேயே கொண்டுவந்து போடுகிறாள். எனக்கில்லாதது உனக்கு மட்டும் எதற்கு என்று போடுகிறாள்.

ஆறுமுகத்தாய் சும்மா இருக்கவில்லை. கோயிலுக்குப் போய்க் கோமதியம்மனைக் கும்பிட்டு, புற்றிலிருந்து புற்றுமண் வாங்கி வந்தாள். எந்த விஷத்துக்கும் தோஷத்துக்கும் அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் மருந்து. அதைத் தண்ணீரில் குழைத்துத் தினமும் காலையில் மகள் நெற்றியிலும் வயிற்றிலும் பூசினாள். மீதியைச் சாமி படத்துக்குக் கீழே ஒரு டப்பாவில் வைத்தாள்.

"எம்மா, எதுக்கு இம்புட்டு அப்புத?" என்று செல்வமணி சிரித்தாள்.

"சிரிக்காதட்டி. கண்ணு பொல்லாத கண்ணு சுவருக்கு அங்கன இருக்கு."

"வள்ளியக்காவா? பாவம்மா அவுக."

"பாவமா? ஒனக்கு என்ன தெரியும். நீ மூலைப் பக்கம் போகாத. எலுமிச்ச வேணும்னா என்னையக் கூப்பிடு." அப்படிச் சொன்னாளே தவிர, கூப்பிட்டு அரைமணி கழித்துத்தான் அம்மா வருவாள் என்று மகளுக்குத் தெரியும். இவள் கடைக்குப் போகிற நேரத்தில் அவளே போய் அறுத்துக்கொள்வாள்.

திருவேங்கடம் போகிற வழியில் ஒரு கோடாங்கி இருந்தார். உடுக்கை அடித்துக் குறி சொல்லுகிறவர். ஆறுமுகத்தாய் மூலையில் கிடந்த மண்ணை ஒரு காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகளிடம் கல்யாண வீடு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

கோடாங்கி மண்ணை உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்தார். கண்ணை மூடினார். சங்கரன்கோவிலிலிருந்து வந்தவள் என்ன கேட்க விரும்புகிறாள் என்பது அவள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

"குழிமண்ணு" என்றார்.

ஆறுமுகத்தாய் இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதோடு, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு நிம்மதியும் வந்தது. தான் நினைத்தது சரி என்று யாராவது சொல்லிவிட்டால் மனுஷருக்கு வருகிற நிம்மதி.

அவர் ஒரு எலுமிச்சம்பழம் கேட்டார். அவள் தன் மரத்துப் பழமே கொண்டு போயிருந்தாள். அதில் ஆணிகளைச் செருகி, சிவப்பு நூலைச் சுற்றிக் கொடுத்தார். "அவ வீட்டு நடையில, படிக்கல்லுக்குப் பக்கத்துல புதைச்சிரு. அனுப்புனவளுக்கே திரும்பிரும். வயித்துக்கு வச்சது வயித்துலயே போய் விழும்."

"அவளுக்கு வயித்துல ஒண்ணும் இல்லியே சாமி."

"இல்லன்னா ஒனக்கு என்ன பயம்?"

அதானே என்று ஆறுமுகத்தாய் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். ஒன்றும் இல்லாதவளுக்கு ஒன்றும் ஆகாது. மறுநாள் உச்சி வெயிலில், தெருவில் நாய்கூட நிழலுக்குப் போய்விட்ட நேரம், மூக்காண்டி தறிக்கும் வள்ளித்தாய் கோயிலுக்கும் போயிருந்தபோது, அடுக்களையில் கழித்துப் போட்ட பழைய கரண்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனாள். படிக்கல்லை ஒட்டி ஒரு சாண் தோண்டிப் புதைத்தாள். மேலே காலால் மிதித்து, சருகைத் தள்ளிவிட்டு வந்தாள். வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

இனி மிச்சம் இருந்தது ஒன்றுதான். கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும். பிடித்துத் தெருவில் நிறுத்தவேண்டும்.

அதற்கு அடுத்த நாள் காலை, சண்முகையா பஸ்ஸுக்குப் போன பிறகு, தொரட்டி மறுபடியும் எலுமிச்சை மரத்தில் சாத்தியிருந்தது. ஆறுமுகத்தாய் அதை எடுத்துக்கொண்டு போய் மூலையில் வைத்தாள். குளிக்கிற இடத்துக்குச் சுற்றிலும் பனையோலைத் தட்டி கட்டியிருந்தது. அதற்குள் புகுந்து, ஓலை இடுக்கு வழியாகக் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள். மகளிடம் குளிக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். ஒரு செம்புத் தண்ணீரும் மேலே ஊற்றவில்லை.

வெயில் ஏறி, கனகாம்பரம் வாட ஆரம்பித்தது. கால் மரத்துப் போயிற்று. இன்றைக்கு வரமாட்டாள்போல என்று நினைத்த நேரம், சுவருக்கு மேல் ஒரு கை வந்தது. கண்ணாடி வளையல் போட்ட ஒல்லிக் கை. அந்தக் கை காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, மண்ணைத் தகரத்துக்கு அடியில், செங்கல்மேல், மெதுவாகத் தூவியது. சுவருக்கு அந்தப் பக்கம் உதடு முணுமுணுப்பது கேட்டது.

ஆறுமுகத்தாய் தட்டியை விலக்கிக்கொண்டு ஓடினாள். சாமான்களுக்கு நடுவில் காலை வைத்து நின்று, அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துவிட்டாள்.

"அகப்பட்டியாட்டி! எம்மகளுக்குக் குழிமண்ணா போடுத! எல்லாரும் வந்து பாருங்கம்மா, இவ பண்ணுத வேலைய!"

அக்கம்பக்கத்துச் சுவர்களில் தலைகள் முளைத்தன. வள்ளித்தாய் கையை உருவிக்கொள்ளவே பார்க்கவில்லை. அவள் கண் ஆறுமுகத்தாயின் காலைப் பார்த்தது.

"யக்கா, சண்டைய பெறகு போடுங்க. மொதல்ல அங்கன இருந்து தள்ளி நில்லுங்க."

"எதுக்குட்டி தள்ளி நிக்கணும்? நான் பயந்தவளா?"

சத்தம் கேட்டுச் செல்வமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "எம்மா, விடும்மா" என்று கத்திக்கொண்டே மூலையை நோக்கி வந்தாள். அம்மாவை இழுக்க ஒரு கையை நீட்டினாள், விழாமலிருக்க மறு கையால் தொரட்டிக் கழியைப் பிடிக்கப் போனாள்.

"வராத தாயி! அங்கனயே நில்லு!" வள்ளித்தாய் அலறின அலறலில் செல்வமணி நின்றுவிட்டாள். ஆறுமுகத்தாயின் முழங்கால் பட்டு மம்பட்டி சரிந்தது. மம்பட்டி கடப்பாரையைத் தள்ள, கடப்பாரை தகரத்தைத் தள்ள, எல்லாம் தடதடவென்று விழுந்தன.

செங்கல் இடுக்கிலிருந்து அது எழுந்தது. நல்ல பாம்பு. நல்ல நீளம். அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில், ஆறுமுகத்தாயின் காலுக்கு ஒரு முழத்தில், படத்தை விரித்துக்கொண்டு நின்றது. வாரியல் காம்பில் அதன் சட்டை வெள்ளையாகச் சுற்றிக் கிடந்தது.

ஆறுமுகத்தாயின் கை தளர்ந்துவிட்டது. அவள் பிடித்திருந்த கை இப்போது புரண்டு அவள் கையைப் பிடித்தது. வளையல் உடைந்து குத்துகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்தது.

"அசையாதீங்க யக்கா. காலத் தூக்காதீங்க. அதுக்கு வழி இருக்கு, போயிரும். கோமதித் தாயே, போயிரும்."

பாம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிப் பார்த்தது. பிறகு படத்தைச் சுருக்கிக்கொண்டு, எலுமிச்சை மரத்தடி வழியாக ஊர்ந்து, சாக்கடைத் துவாரத்துக்குள் நுழைந்து, ஓடைப் பக்கம் போய்விட்டது. அடிக்கச் சொல்லி யாரும் கத்தவில்லை. புற்றைக் கும்பிடுகிற அந்த ஊரில் பாம்பை அடிக்க யாருக்கும் கை வராது.

ஆறுமுகத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செல்வமணி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"எப்பத்தா பாத்த?" என்று பின்வீட்டுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தபசுக்கு முன்னாடியே பாத்தேன்" என்றாள் வள்ளித்தாய். "சொல்லணும்னு கூப்பிட்டேன். யக்கா கதவச் சாத்திட்டாக. அண்ணாச்சிட்ட சொல்லுங்கன்னு எங்க வீட்டுக்காரவுகட்ட சொன்னேன். பேச்சு வார்த்தை இல்லாத வீட்டுல நமக்கென்னன்னுட்டாக."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா அக்கா" என்றாள் செல்வமணி.

வள்ளித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். "பிள்ளய மண்ணுக்குக் குடுத்தவ நான். மாசமா இருக்கவ முன்னால வந்து நின்னு, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா? அதான் நீ அங்கன போகையிலெல்லாம் சட்டியத் தட்டுனேன். சத்தத்துக்கு உள்ள போயிரும்லா. தொரட்டிய மரத்துல கொண்டு வச்சேன், நீ மூலைக்கே போகவேண்டாம்னு. யாரோ திருப்பித் திருப்பி அங்கனயே வச்சாக."

ஆறுமுகத்தாய் செங்கல்மேல் கிடந்த மண்ணைப் பார்த்தாள். மகளின் நெற்றியைப் பார்த்தாள். காலையில் அவளே பூசியது, காய்ந்து வெளிறிய செம்மண் நிறத்தில் இருந்தது. இரண்டும் ஒரே மண். சாமி படத்துக்குக் கீழே டப்பாவில் இருக்கிற மண். அதே மண்ணை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறிப்போய், எந்தக் குழியின் மண் என்று கோடாங்கியிடம் கேட்டவள் அவள்.

"புத்துமண்ணா?" என்றாள்.

"ஆமாக்கா. கோயில்ல வெள்ளித் தகட்டுல பாம்பு உருவம் வாங்கி உண்டியல்ல போட்டேன். யாரையும் தீண்டாம போயிரணும்னு வேண்டிக்கிட்டேன். மண்ணு எனக்கு வாங்குனதுதான். பாதிய இங்கன போட்டேன்."

"ஒனக்கு எதுக்குத்தா மண்ணு?" என்று பின்வீட்டுக்காரி விடவில்லை.

வள்ளித்தாய் உடைந்த வளையலைத் தடவினாள். "மூணு மாசம்" என்றாள். "யாருட்டயும் சொல்லல. போன தடவ மாதிரி ஆயிரக்கூடாதுல்லா."

சுவர்களின் மேலிருந்த முகங்களெல்லாம் மலர்ந்தன. ஒருத்தி இங்கிருந்தே திருஷ்டி கழித்தாள். ஆறுமுகத்தாய் காதில் எதுவும் விழவில்லை. வயிற்றுக்கு வைத்தது வயிற்றிலேயே போய் விழும் என்ற குரல் மட்டும் விழுந்தது. இப்போதும் அந்தப் படிக்கல்லைத் தாண்டித்தானே இவள் நடமாடுகிறாள். நேற்றிலிருந்து எத்தனை தடவை தாண்டினாளோ.

அவள் எழுந்தாள். கீழே கிடந்த மம்பட்டியை எடுத்தாள். புறவாசலிலிருந்து தெருவுக்கு வீட்டு வழியாகத்தான் போகமுடியும். மம்பட்டியோடு அடுக்களையைத் தாண்டினாள், சாமி படத்தைத் தாண்டினாள்.

"எம்மா, மம்பட்டியோட வீட்டுக்குள்ள போறியே!" என்று செல்வமணி பின்னால் கத்தினாள். ஆறுமுகத்தாய் திரும்பவில்லை.

பக்கத்து வீட்டு நடையில், படிக்கல்லை ஒட்டி, மம்பட்டியை ஓங்கிப் போட்டாள். நீளப் பிடி அவள் உயரத்துக்குச் சரிவரவில்லை. முதல் வெட்டு கல்லில் பட்டது. வள்ளித்தாய் உள்ளேயிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா தோண்டுதீய?"

அடுத்த வெட்டில் மண்ணோடு அது வந்து விழுந்தது. ஆணி துருத்திக்கொண்டு, சிவப்பு நூல் சுற்றி, இன்னும் வாடாத எலுமிச்சம்பழம். வள்ளித்தாய்க்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"எனக்கா?"

"ஒனக்குத்தான்" என்றாள் ஆறுமுகத்தாய். மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. "நேத்து இந்தக் கையாலதான் வச்சேன். நீ மண்ணு போடுதன்னு நெனச்சு வச்சேன். பாவி நான், பாவி."

அழுதுகொண்டே, என்ன செய்கிறோம் என்று தெரியாமல், மம்பட்டியும் கையுமாகவே படியில் காலை வைத்தாள்.

"உள்ள வராதீங்க" என்றாள் வள்ளித்தாய்.

ஆறுமுகத்தாய் அப்படியே நின்றாள். இது தனக்கு வேண்டியதுதான் என்று தோன்றியது. வள்ளித்தாய் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பழத்தையும் மம்பட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"மம்பட்டிய வெளிய வச்சிருங்க" என்றாள் கடைசியில். "அந்தப் பழத்தயும் எங்கயாவது தூரப் போட்டுருங்க. பெறகு கைகாலக் கழுவிட்டு உள்ள வாங்க. ஒங்களுக்கும் எனக்கும் படபடன்னு வருது. ஒரு வாய் காப்பி போடுதேன்."

உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஆறுமுகத்தாய் பழத்தைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டாள். மம்பட்டியை, இலை கீழே இருக்கும்படி, வெளிச்சுவரில் சாத்தினாள். செம்பைச் சரித்துக் கையில் தண்ணீரை ஊற்றினாள். மண் கரைந்து ஓடியது. அன்றைக்குப் பிள்ளையைப் புதைத்துவிட்டு மூக்காண்டி அவள் வாசலில் வந்து நின்றபோதும் அவன் கையெல்லாம் இப்படித்தான் மண்ணாக இருந்தது. மம்பட்டிக்கு ஒரு வாளி சாணித் தண்ணீர் ஊற்றினவள், அந்தக் கைக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்திருக்கவில்லை.